மீசையும் கிரீடமும்: உத்பல் தத் என்ற நடிகர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் 'கோல்மால்' ஓடினால், சாப்பாட்டுத் தட்டோடு எல்லோரும் முன்னறைக்கு வந்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். இந்தி முழுசாகப் பிடிபடாத பாட்டிகூட, மீசை இல்லாதவனை மனுஷனாகவே மதிக்காத அந்த முதலாளி பவானி சங்கரைப் பார்த்தால் சிரித்துவிடுவாள். "நம்ம தேங்காய் சீனிவாசன் 'தில்லுமுல்லு'ல பண்ணின வேஷம்தானே இது?" என்று யாராவது ஒருவர் கேட்பார். அதேதான். ரிஷிகேஷ் முகர்ஜி 1979-ல் இந்தியில் எடுத்ததை 1981-ல் கே. பாலசந்தர் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் இதே சிரிப்போடு பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவரிடம் போய் உத்பல் தத் பேரை எடுத்தால் அவர் முகம் வேறு மாதிரி ஆகும். அவருக்கு உத்பல் தத் என்றால் பீடன் தெருவில் இருக்கும் மினர்வா தியேட்டர், 'கல்லோல்' நாடகம், ஜெயில், செங்கொடி. இந்திப் படங்களா? "பேட்டேர் தாயே" என்பார். வயிற்றுப் பாட்டுக்குச் செய்தது, அதைப் போய்ப் பேசுவானேன் என்று அர்த்தம்.

இந்தக் கட்டுரை அந்தப் பெரியவரோடு ஒரு சின்ன வழக்கு. பாதி அவர் சொல்வது சரி. உத்பல் தத்தே சினிமாவில் சம்பாதித்ததைக் கொண்டுதான் நாடகக் குழுவை நடத்தினார். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் மேடையில் இருந்தவர் ஒரு கலைஞர், திரையில் வந்தவர் ஒரு கூலிக்காரர் என்று கோடு கிழித்துவிட்டால் அந்த மனிதரின் நடிப்பில் உள்ள முக்கியமான விஷயமே கைநழுவிப் போகிறது என்பது என் எண்ணம். பவானி சங்கரின் மீசைக்கும் மேடையில் அவர் கட்டிய வேஷங்களுக்கும் உறவு இருக்கிறது. அதைச் சொல்ல அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

1929 மார்ச் 29-ல் பிறந்தவர். அப்பா ஜெயில் அதிகாரி. (பிள்ளை பிற்பாடு ஜெயிலுக்குள் போகப் போகிறான் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.) கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம். மாணவர்களாகச் சேர்ந்து ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1947-ல், ஜெஃப்ரி கெண்டல் என்ற ஆங்கிலேயர் தம் 'ஷேக்ஸ்பியரானா' குழுவோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு கல்கத்தா வந்தார். பையன் மூன்றாம் ரிச்சர்டாக நடித்ததைப் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். 1947-48-லும், மறுபடி 1953-54-லும் அந்தக் குழுவோடு இந்தியா, பாகிஸ்தான் முழுக்க அலைந்து நடித்தார் உத்பல் தத். நடிப்பில் தமக்கு குரு கெண்டல்தான் என்று கடைசி வரை சொல்லிவந்தார்.

மூன்றாம் ரிச்சர்டை இங்கே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த ராஜா கிரீடத்துக்காகச் சதி செய்கிறவன் மட்டுமில்லை. மேடையேறிய நிமிஷத்திலிருந்து ஊரை ஏமாற்ற நடித்துக்கொண்டே இருப்பவன். பக்திமானாக நடிப்பான், காதலனாக நடிப்பான், பாதிக்கப்பட்டவனாக நடிப்பான். ஆகவே அந்த வேஷம் கட்டுகிற நடிகன், நடிக்கிற ஒருத்தனை நடித்துக் காட்ட வேண்டும். பதினெட்டு வயதில் இதில் கைபழகிய ஒருவர், பின்னாளில் முதலாளியையும் ராஜாவையும் அதிகாரியையும் எப்படிப் பார்த்தார் என்பதுதான் நம் விஷயம்.

1949-ல் லிட்டில் தியேட்டர் குரூப்பைத் தொடங்கினார். முதலில் ஆங்கில நாடகங்கள். ஆங்கிலம் தெரிந்த சிறு கூட்டத்துக்கு நடித்து என்ன பிரயோஜனம் என்று சீக்கிரமே வங்காளிக்கு வந்துவிட்டார். 'மேக்பெத்'தை வங்காளியில் போட்டுக் கிராமங்களுக்கே எடுத்துப் போனார். 1959-ல் மினர்வா தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அவ்வருஷக் கடைசியில் வந்தது 'அங்கார்'. நிலக்கரிச் சுரங்கத்தில் தீ. சுரங்கத்தைக் காப்பாற்ற முதலாளிகள் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள், உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தே. இசை ரவி சங்கர். ஒளியமைப்பு தாபஸ் சென். மேடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெறும் வெளிச்சத்தை வைத்தே கழுத்தளவு வெள்ளம் ஏறுவதைக் காட்டினார் தாபஸ் சென். விளக்குதான் கதாநாயகன், நடிகர்கள் அதற்குத் துணை என்று குறை சொன்ன விமர்சகர்களும் உண்டு. அந்தக் குறையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பிரம்மாண்டத்தின் மேல் உத்பல் தத்துக்குக் கடைசி வரை ஒரு மோகம் இருந்தது. சில நாடகங்களில் அது பேச்சையும் ஆளையும் விழுங்கிவிட்டது.

'கல்லோல்' 1965-ல். 1946-ல் பம்பாயில் கடற்படைச் சிப்பாய்கள் செய்த கலகம் கதை. 'கைபர்' என்ற கப்பலையே மேடையில் நிறுத்தினார்கள். சரித்திரத்தில் சிப்பாய்கள் சரணடைந்தார்கள். நாடகத்தில் கைபர் சரணடையவில்லை. இது தெரிந்தே செய்த மாற்றம். நடந்தது என்ன என்பதைவிட நடந்திருக்க வேண்டியது என்ன என்பதே தமக்கு முக்கியம் என்ற கட்சி அவருடையது. எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது. தோற்றவர்களைத் தோற்றவர்களாகவே காட்டுவதிலும் ஒரு நேர்மை உண்டு. ஆனால் கூட்டம் அலைமோதியது. பெரிய நாளிதழ்கள் விளம்பரம் வாங்க மறுத்தபோது, 'கல்லோல் நடக்கிறது, நடக்கும்' என்று ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். அவ்வருஷம் செப்டம்பரில் விசாரணையின்றி அவரைக் காவலில் வைத்தார்கள். பல மாதங்கள் உள்ளே இருந்து 1966-ல்தான் வெளியே வந்தார்.

அடுத்து வருவதை அவரைக் கொண்டாடுகிறவர்கள் பொதுவாக ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். நக்சல்பாரி எழுச்சியை வைத்து 1967-ல் 'தீர்' என்று ஒரு நாடகம் போட்டார். தீர் என்றால் அம்பு. மறுபடி கைது. அப்போது அவர் பம்பாயில் ஐவரி–மெர்ச்சன்ட் கூட்டணியின் 'தி குரு' என்ற ஆங்கிலப் படத்தில் சிதார் வித்வானாக நடித்துக்கொண்டிருந்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விடுதலையானார். புரட்சி பேசினவர் ஒரு சினிமாவுக்காக எழுதிக் கொடுத்துவிட்டாரே என்று தோழர்களே ஏசினார்கள். சீக்கிரமே மினர்வாவும் கைவிட்டுப் போயிற்று. பழைய குழுவும் சிதறியது. பீப்பிள்ஸ் லிட்டில் தியேட்டர் என்று புதிதாக ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

இதை நான் மழுப்பப் போவதில்லை. ஏனென்றால் அவரே மழுப்பவில்லை என்று நினைக்கிறேன். அதற்குச் சாட்சி 1971-ல் வந்த 'டினேர் தலோயார்', அதாவது 'தகர வாள்'. அவருடைய நாடகங்களில் தலைசிறந்தது இதுதான் என்பேன்.

கதை நடப்பது 1876 வாக்கில், கல்கத்தாவில். பேனிமாதப் என்ற குடிகார நடிகர் ஒரு கம்பெனி நடத்துகிறார். நாடகம் தொடங்கும்போது ராத்திரி நேரம். தெருவில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறார். சாக்கடைக் குழிக்குள்ளிருந்து ஒரு துப்புரவுத் தொழிலாளி தலையை நீட்டுகிறான். தான் எவ்வளவு பெரிய நடிகன் என்று இவர் அளக்கிறார். அவனோ இதிலெல்லாம் எனக்கென்ன இருக்கிறது என்கிறான். இந்தக் கேள்வியிலிருந்துதான் நாடகமே கிளம்புகிறது. காய்கறி விற்கும் மைனா என்ற பெண்ணைப் பேனிமாதப் பெரிய நடிகையாகத் தயார் செய்கிறார். பணம் போடுகிற முதலாளி, புதுத் தியேட்டர் கட்டித் தருகிறேன், அந்தப் பெண்ணை எனக்குக் கொடு என்கிறான். பேனிமாதப் கொடுத்துவிடுகிறார்! தன் கலைக்காக, தன் கம்பெனிக்காக என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு. மேடைக்காக எதை வேண்டுமானாலும் விற்கத் துணிகிற அந்த மனிதரை எழுதினவரும் உத்பல் தத். மேடையில் அந்த வேஷம் கட்டினவரும் அவரே. தம்மேல் வந்த பழியை இப்படி ஊரறிய நடித்துக் காட்டின நடிகர் நமக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்?

1876 என்ற வருஷத்தைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டு அந்தப்புரம் வரை அழைத்துப் போய் உபசரித்த ஒரு கல்கத்தா வக்கீலைக் கேலி செய்து அந்த வருஷம் ஒரு நாடகம் வந்தது. அதையொட்டித்தான் வெள்ளைக்காரன் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பின்னும் அது போகவில்லை, 2018-ல்தான் ஒழிந்தது. நம்மூரில் அதற்கு ஒரு தம்பி பிறந்தான். 1954-ல் சென்னை ராஜ்யத்தில் வந்த நாடகச் சட்டம் எம்.ஆர். ராதாவை மனத்தில் வைத்தே போடப்பட்டது என்பது ஊரறிந்த பேச்சு. அதே வருஷம்தான் 'ரத்தக்கண்ணீர்' படமும் வந்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்து நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2013-ல். ராதாவும் உத்பல் தத்தும் சந்தித்தார்களா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஆனால் மேடையில் ஆட்சியாளருக்குப் பிடிக்காதவராக இருந்துகொண்டே, திரையில் ஜனங்களைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்தவர்கள் இருவரும். ராதாவைத் தெரிந்த தமிழனுக்கு உத்பல் தத்தைப் புரிந்துகொள்ள வேறு அகராதி வேண்டாம்.

'தகர வாள்' முடிகிற இடத்துக்கு வருகிறேன். ஏதோ ஆபத்தில்லாத பழைய நாடகம் நடக்கிறது. பார்வையாளர் வரிசையில் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி. நடுவில் பேனிமாதப் சட்டென்று அந்த நாடகத்தைக் கைவிட்டு, தடை வந்துவிடும் என்று பயந்து ஒதுக்கி வைத்திருந்த திதுமீர் நாடகத்தின் வசனத்தைப் பேச ஆரம்பிக்கிறார். வெள்ளையனை எதிர்த்து 1831-ல் மூங்கில் கோட்டை கட்டிச் செத்த திதுமீர். கையிலிருப்பது என்னவோ தகர வாள்தான்.

போட்டுக்கொண்டிருந்த வேஷத்தை ஒரு மனிதன் தானே கழற்றுகிற நிமிஷம் இது. உத்பல் தத்தின் நடிப்பு முழுவதும் இந்த ஒரு நிமிஷத்தை நோக்கியே போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சினிமாவிலும் அப்படித்தான். வரிசையாக எடுத்துப் பார்ப்போம்.

மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', 1969. சிறந்த நடிகருக்கான தேசிய விருது இதற்குத்தான் கிடைத்தது. ரயில்வேயில் பெரிய அதிகாரி, மனைவியை இழந்தவர், பெற்ற பிள்ளையிடமும் ஈவிரக்கம் காட்டாத கறார் ஆசாமி. பறவை சுட சௌராஷ்டிரப் பக்கம் போகிறார். கோட்டும் தொப்பியுமாகப் போனால் பறவை பறந்துவிடும் என்று ஒரு கிராமத்துப் பெண் அவருக்கு ஊர் உடுப்பை மாட்டிவிடுகிறாள். உடுப்பு மாறினதும் உத்பல் தத்தின் நடையே மாறுவதைக் கவனியுங்கள். அதுவரை விறைப்பாக இருந்த முதுகு, எப்படி நிற்பது என்றே தெரியாமல் தவிக்கிறது. கடைசியில் ஆபீசுக்குத் திரும்பினபின், யாரும் இல்லாத அறையில் அந்த அதிகாரி குழந்தை மாதிரி கூத்தடிக்கிறார். மேடைக்காரர்தான் இப்படிச் செய்ய முடியும். சினிமாவிலேயே வளர்ந்தவர் கூச்சப்பட்டிருப்பார்.

'கோல்மால்' பவானி சங்கருக்கு வருவோம். விளையாட்டு பற்றிப் பேசினால் பிடிக்காது. இளவட்டங்களின் நாகரிகம் பிடிக்காது. மீசை இல்லாவிட்டால் குணமே இல்லை. வேலைக்கு வருகிற ராம்பிரசாத் இதையெல்லாம் தெரிந்துகொண்டு வந்து வேஷம் போடுகிறான். படத்தின் வேடிக்கை இங்கேதான் என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால், படத்தில் முதல் வேஷக்காரரே பவானி சங்கர்தான். அந்த மீசை அவருடைய கிரீடம். உத்பல் தத் அதை எப்படி நடிக்கிறார் பாருங்கள். கோபம் வரும்போது முதலில் கண் பெரிசாகும்; ஒரு நொடி நிற்பார்; நம் கோபம் எதிராளிக்குத் தெரிந்ததா என்று பார்ப்பார்; அப்புறம்தான் குரல் எழும்பும். நிஜக் கோபக்காரன் இப்படிச் சரிபார்க்க மாட்டான். பார்வையாளர் இல்லாவிட்டால் இந்த அதிகாரம் இரண்டு நிமிஷம் தாங்காது என்பதை அந்த ஒரு நொடி சொல்லிவிடுகிறது.

தேங்காய் சீனிவாசனும் மேடையிலிருந்து வந்தவர்தான். 'கல் மணம்' நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்ததைப் பார்த்து கே.ஏ. தங்கவேலு வைத்த பேர் அது. 'தில்லுமுல்லு' ஸ்ரீராமச்சந்திரமூர்த்தியை அவர் வேறு பாதையில் கொண்டுபோனார். முருக பக்தியும் பழமைப் பற்றும் அந்த ஆளிடம் உண்மையாகவே இருக்கின்றன. ஏமாறும்போது நமக்குச் சிரிப்போடு கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. வீட்டுப் பெரியப்பாவை ஏமாற்றுகிற மாதிரி. வசன வேகத்தில் தேங்காய்தான் ஒரு படி மேலே, சந்தேகமில்லை. ஆனால் தேங்காயின் முதலாளி ஒரு நல்ல மனிதர். உத்பல் தத்தின் முதலாளி ஒரு பதவி. இந்த வித்தியாசம் திறமையால் வந்ததல்ல, இருவரும் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதால் வந்தது.

'கோல்மால்' கடைசியில் எல்லோரும் நின்று எடுத்துக்கொள்ளும் குடும்பப் போட்டோவில் பவானி சங்கருக்கு மீசை இல்லை. வழித்துவிட்டார்!

அடுத்த வருஷமே, 1980-ல், சத்யஜித் ரேயின் 'ஹீரக் ராஜார் தேஷே' வந்தது. குழந்தைகளுக்கான படம் என்று பேர். அவசர நிலைக் காலத்தை மனத்தில் வைத்து எடுத்தது என்பது பெரியவர்களுக்குப் புரிந்தது. வைரச் சுரங்க ராஜா பள்ளிக்கூடத்தை மூடுகிறான். விருந்தாளிகள் கண்ணில் படாமல் ஏழைகளை அப்புறப்படுத்துகிறான். எதிர்த்துப் பேசுகிறவர்களை மூளைச்சலவை யந்திரத்துக்குள் தள்ளுகிறான். ராஜாவும் மந்திரிகளும் பிரஜைகளும் எதுகை மோனையோடு பேசுவார்கள். எதுகை இல்லாமல் பேசுகிறவர் ஒரே ஒரு வாத்தியார், உதயன். ராஜா ஓர் அடி சொல்லிவிட்டு, மந்திரிகள் 'ஆமாம்' போடும்வரை காத்திருக்கும் அந்த இடைவெளியைக் கவனியுங்கள். பவானி சங்கரின் அதே ஒரு நொடி! முடிவில் ராஜாவையே யந்திரத்துக்குள் தள்ளுகிறார்கள். வெளியே வந்தவன் ஜனங்களோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்துத் தன் சிலையைத் தானே இழுத்துத் தள்ளுகிறான். அந்தச் சமயம் உத்பல் தத் முகத்தில் இருப்பது தோல்வி இல்லை. திருவிழாவில் தேர் இழுக்கிற சந்தோஷம்.

மீசையை வழித்ததும் சிலையை இழுத்ததும் இரண்டு பெரிய இயக்குநர்களின் யோசனை, நடிகருக்கு அதில் என்ன பங்கு என்று பெரியவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இருவரும் இவரைத்தானே தேடி வந்தார்கள். கிரீடத்தையும் காட்டி, அது தகரம் என்பதையும் காட்டக்கூடிய நடிகர் வேண்டியிருந்தது.

எல்லா இடத்திலும் இது நடந்தது என்று சொன்னால் பொய். இந்தி மசாலாப் படங்களில் அவர் செய்த வில்லன் வேஷங்களில் பலவும் உருட்டுக் கண்ணும் உறுமலும்தான். அங்கே பெரியவரின் 'பேட்டேர் தாயே' முழுக்கப் பொருந்தும். 'ஜய் பாபா ஃபேலுநாத்'தில் (1979) காசியில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவி எழுத்தாளர் ஒருவரைப் பலகையில் நிறுத்திக் கத்தி வீசச் சொல்லி வேடிக்கை பார்க்கும் மகன்லால் மேக்ராஜோடு அவற்றை ஒப்பிட்டாலே போதும். மகன்லால் குரலை உயர்த்துவதே இல்லை. உபசாரம் குறைவதும் இல்லை. நமக்குத்தான் வயிறு கலங்குகிறது.

கடைசியாக ஒரு படம். 1991-ல் வந்த 'ஆகந்துக்', ரேயின் கடைசிப் படமும் அதுவே. முப்பத்தைந்து வருஷம் உலகம் சுற்றிவிட்டு, மருமகள் வீட்டுக்கு வந்து நிற்கிறார் மனமோகன் மித்ரா. மருமகள் என்றால் வங்காள முறையில் இல்லை, நம் முறையில், சகோதரி மகள். நிஜ மாமாதானா, சொத்துக்கு வந்த போலியா என்று வீட்டுக்காரருக்குச் சந்தேகம். பாஸ்போர்ட்டைத் தாமே எடுத்து நீட்டிவிட்டு, இதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்றும் மாமாவே சொல்கிறார். அப்புறம் குடும்ப நண்பரான ஒரு வக்கீல் வந்து அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறார். அந்த நீண்ட காட்சியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதுவரை எல்லோரிடமும் 'நீ யார், சொல்' என்று அதட்டிக்கொண்டிருந்த நடிகர், இந்தத் தடவை பதில் சொல்கிற நாற்காலியில். மீசை இல்லை, கிரீடம் இல்லை, கண் உருட்டல் இல்லை. கேள்வி முடிந்ததும் ஒரு நொடி நிற்கிறார். அந்தப் பழைய நொடிதான். ஆனால் இப்போது யார் பார்க்கிறார்கள் என்று அவர் கண் தேடவில்லை. யோசிக்கிறார், அவ்வளவுதான்.

படம் வெளிவந்த மறு வருஷம் ரே காலமானார். 1993 ஆகஸ்ட் 19-ல் உத்பல் தத்தும் போய்விட்டார், அறுபத்து நாலு வயதில். பக்கத்து வீட்டுப் பெரியவரோடு வழக்கு இன்னும் தீரவில்லை. 'ஆகந்துக்' பற்றி மட்டும் எங்களுக்குள் தகராறு கிடையாது.